முன்னோடி ஆலை முடியும்வரை பணம் தாங்குமா? தென்னாப்பிரிக்காவின் சிறு தாதுப்பிரிப்பு நிறுவனங்களும் அடுத்த பன்னிரண்டு மாதங்களும்

தாதுவைப் பிரிக்கப் புதிய கருவியோ புதிய முறையோ கண்டுபிடித்த சிறு நிறுவனம் ஒன்று அடுத்த ஓராண்டுக்கு எப்படிப் பணம் திரட்டும் என்று ஆராய்பவர்கள், பெரும்பாலும் அந்தத் தொழில்நுட்பம் எவ்வளவு நல்லது என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறார்கள். குறுகிய காலத்தில் முடிவைத் தீர்மானிப்பவை இரண்டு தேதிகள். ஒன்று, நம்பத்தக்க சோதனை முடிவு கைக்கு வரும் தேதி. மற்றொன்று, வங்கிக் கணக்கு காலியாகும் தேதி. முதலாவது முந்திக்கொண்டால் முதலீட்டாளரோடு பேரம் பேசலாம். இரண்டாவது முந்திக்கொண்டால், எவ்வளவு நல்ல தொழில்நுட்பமாக இருந்தாலும் அடிமாட்டு விலைதான்.

டர்பனின் ஜேக்கப்ஸ், ப்ராஸ்பெக்டன் பட்டறைகளிலும் ஜோகன்னஸ்பர்க்கின் கிழக்கே உள்ள தொழிற்பேட்டைகளிலும் தமிழ்க் குடும்பத்து ஃபிட்டர்களும் பொறியாளர்களும் இந்தத் துறையில் உழைக்கிறார்கள். அவர்களில் சிலர் சொந்த நிறுவனம் தொடங்கும் கட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களையும், அவர்களுக்குப் பணம் கொடுக்க யோசிக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் மனத்தில் வைத்தே இந்தக் கணக்கு.

வாடிக்கையாளர் யார் என்பதிலேயே பணத்தின் வேகம் மாறும். ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிய விட்வாட்டர்ஸ்ராண்டின் பழைய தங்கக் கழிவுமணலில் டன்னுக்கு 0.2 முதல் 0.3 கிராம் அளவிலேயே தங்கம் கிடைக்கிறது. அங்கே லாபம் அளவைப் பொறுத்தது. சிறு கருவிக்கு இடம் குறைவு. பிளாட்டினச் சுரங்கங்கள் உள்ள ரஸ்டன்பர்க் சுற்றுவட்டாரத்தில் யுஜி2 என்ற பாறை அடுக்கின் கழிவில், குரோமியத் தாதுவான நுண்ணிய குரோமைட்டும் பிளாட்டினக் குடும்ப உலோகங்களும் இன்னும் மிஞ்சிக் கிடக்கின்றன. புதிய பிரிப்பு முறைகளுக்கு நாட்டில் மிகப் பொருத்தமான களம் இதுவே. 1976 முதல் ரிச்சர்ட்ஸ் பேயில் நடக்கும் கனமணல் தொழிலில் இல்மனைட், சிர்க்கான், ரூட்டைல் ஆகிய கனிமங்களைப் பிரிக்கிறார்கள். அங்கே வாங்குவோர் மிகச் சிலர், எனவே ஒருவர் மறுத்தாலே பாதிச் சந்தை போய்விடும்.

சோதனையின் வடிவமே நிதித்தேவையை நிர்ணயிக்கிறது

ஆய்வகத்தில் சில கிலோ மாதிரியில் கிடைத்த முடிவுக்கு யாரும் பெரிய பணம் தருவதில்லை. மணிக்கு ஒன்று முதல் ஐந்து டன் வரை ஓடும் முன்னோடி ஆலையை (முழு ஆலைக்கு முன் கட்டும் சிறு சோதனை ஆலை), சுரங்கத்தின் சொந்தக் குழம்பிலேயே (தாதுத்தூளும் நீரும் கலந்த கலவை) ஓட்டிக் காட்டிய பிறகுதான் பேச்சு தீவிரமாகும். ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் நடுவே விழுந்து போகிறவர்கள் அதிகம், காரணங்களும் அநேகமாக ஒன்றேதான். கழிவுக்குளத்தின் மேல்பரப்பிலிருந்து மாதிரி எடுத்திருப்பார்கள். கீழே போகப் போக 10 மைக்ரானுக்கும் நுண்ணிய சேறு கூடிவிடும். குழாய்த் தண்ணீரில் வேலை செய்த ரசாயனம், ஆலையின் சுழற்சி நீரில் உள்ள உப்புகளோடு சேர்ந்து வேறுவிதமாக நடந்துகொள்ளும். உள்ளே போன உலோகமும் வெளியே வந்த உலோகமும் ஒத்துப்போகாது. உலோகக் கணக்கு 95 முதல் 105 சதவீதத்துக்குள் மூடவில்லை என்றால், அந்த அறிக்கையைச் சுரங்கத்தின் உலோகவியலாளர் மேற்கொண்டு படிக்கமாட்டார்.

பணத்தோடு நேரடியாகத் தொடர்புடைய இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. ஓர் ஆலையில் மீட்பு வீதம், அதாவது உள்ளே போன உலோகத்தில் பிரித்தெடுத்த பங்கு, நாளுக்கு நாள் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 3 சதவீதப் புள்ளி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கருவி தரும் முன்னேற்றம் 2 புள்ளி. கருவியைச் சில நாள் ஓட்டி, சில நாள் நிறுத்தி ஒப்பிடும் முறையில், 95 சதவீத நம்பிக்கையோடும் 80 சதவீதக் கண்டறியும் வாய்ப்போடும் இந்த வித்தியாசத்தை நிறுவ, ஓட்டும் பக்கம் சுமார் 35 நாள், நிறுத்தும் பக்கம் 35 நாள், ஆக 70 நாள் தேவை. ஆனால் முதலீட்டாளரிடம் காட்டும் திட்டத்தில் "ஆறு வாரச் சோதனை" என்று எழுதியிருப்பார்கள். ஆறு வாரம் முடிந்ததும் கிடைப்பது முடிவல்ல, சர்ச்சைதான். இன்னும் நான்கு வாரம் ஓட்ட வேண்டும், அதற்கோ பணம் இருக்காது.

இதற்கு மாற்று உண்டு. வரும் குழம்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பழைய வழியிலும் மறு பாதியைப் புதிய கருவியிலும் ஒரே நேரத்தில் ஓட்டினால், தாதுவின் ஏற்ற இறக்கம் இரு பக்கமும் ஒன்றாகவே விழும். ஜோடிகளுக்கு இடையிலான வித்தியாசத்தின் திட்ட விலக்கம் 1.5 புள்ளியாகக் குறைந்தால், அதே 2 புள்ளியைப் பத்து நாளுக்குள் நிறுவிவிடலாம். குழம்பைச் சமமாகப் பிரிக்கும் பெட்டிக்கும் இரட்டை மாதிரிக்கும் ஆகும் செலவு, மிச்சமாகும் நாட்களோடு ஒப்பிட்டால் அற்பம். நிதி திரட்டும் பேச்சுக்கு முன்பே இந்த வடிவமைப்பை முடித்துவிட வேண்டும். தேவையான தொகை எவ்வளவு என்பதே இதிலிருந்துதான் பிறக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு

ஒன்பது பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காகவே. மாதச் சம்பளம் 5.4 லட்சம் ராண்ட், பட்டறை வாடகையும் மின்சாரமும் 85 ஆயிரம், மாதிரிப் பகுப்பாய்வும் ரசாயனமும் 1.1 லட்சம், காப்புரிமை முகவர், கணக்காளர், காப்பீடு ஆகியவற்றுக்கு 65 ஆயிரம், வண்டியும் பயணமும் 40 ஆயிரம். மொத்தம் 8.4 லட்சம். வங்கியில் 42 லட்சம் இருந்தால் ஐந்து மாதம் தாங்கும்.

வரவேண்டிய இன்வாய்ஸ் ஒன்று 13 லட்சத்துக்கு இருக்கிறது. அதில் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரி (வாட்) சுமார் 1.7 லட்சம், அது நிறுவனத்தின் பணமே அல்ல. மீதி 11.3 லட்சம். வரப்போகும் முன்னோடிச் சோதனையில் நிறுவனத்தின் சொந்தப் பங்கு 15 லட்சம். கூட்டிக் கழித்தால் 38.3 லட்சம், அதாவது நான்கரை மாதம். புதிய பங்கு முதலீடு ஒன்றை முதல் சந்திப்பிலிருந்து வங்கியில் பணம் விழும்வரை கொண்டுவர ஆறு முதல் ஒன்பது மாதம் ஒதுக்குவதே பாதுகாப்பு என்பது எங்கள் மதிப்பீடு. ஆக, கணக்கில் ஐந்து மாதம் இருப்பதாகத் தோன்றும்போதே நேரம் கடந்துவிட்டது.

இந்தக் கணக்கில் "பேசி முடித்தாயிற்று, கையெழுத்து மட்டும் பாக்கி" என்ற வகை வருமானத்தைச் சேர்க்கவே கூடாது. சுரங்க நிறுவனத்தின் வாங்கல் துறையில் ஆர்டர் எண் பிறக்காதவரை அது பணம் அல்ல.

உரிமத்தொகை (கருவியைப் பயன்படுத்தும் சுரங்கம் தரும் பங்கு) வந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கையையும் எண்ணால் சோதித்துப் பார்க்கலாம். மணிக்கு 60 டன், மாதம் 550 மணி நேரம் ஓடும் குரோமைட் ஆலை மாதம் 33,000 டன் கழிவைக் கையாளும். அதில் குரோமியம் ஆக்சைடு 18 சதவீதம் என்றால் 5,940 டன். மீட்பு வீதம் 5 புள்ளி உயர்ந்தால் 297 டன் கூடுதல்; 40 சதவீதச் செறிவுப் பொருளாக அது சுமார் 740 டன். போக்குவரத்து போகச் சுரங்க வாசலில் டன்னுக்கு 1,500 ராண்ட் நிற்கிறது என்று கொண்டால், சுரங்கத்துக்கு மாதம் 11 லட்சம் கூடுதல் வருமானம். அதில் பத்தில் ஒரு பங்கு உங்களுக்கு என்றால் 1.1 லட்சம். மாதச் செலவு 8.4 லட்சத்தை ஈடுகட்ட இப்படி எட்டு ஆலைகள் வேண்டும். முதல் ஆலையே இன்னும் ஒப்பந்தமாகாத நிறுவனத்துக்கு உரிமத்தொகை குறுகிய கால நிதியாகாது. அதோடு, புதிய தொழில்நுட்ப ஆலைகள் வடிவமைத்த திறனை எட்டும் வேகத்தை 1998-இல் டெர்ரி மெக்நல்டி வரிசைப்படுத்திக் காட்டினார். முன்னோடிச் சோதனை அரைகுறையாகச் செய்யப்பட்ட ஆலைகள் மூன்று ஆண்டுக்குப் பிறகும் வடிவமைத்த திறனுக்கு வெகு கீழேயே நின்றன.

மிக அருகில் இருக்கும் பணம்: சோதனைக்கு வாடிக்கையாளர் தரும் கூலி

இலவசமாகச் சோதித்துக் காட்டுவது இந்தத் துறையின் பெரிய நோய். கொஞ்சமாவது பணம் கட்டிய சுரங்கம்தான் மாதிரியை நேரத்துக்கு அனுப்பும், ஆளை ஒதுக்கும், முடிவைப் படிக்கும். ஆர்டரோடு 40 சதவீதம், ஆலை இயங்கத் தொடங்கியதும் 30, ஓட்டம் முடிந்ததும் 20, அறிக்கைக்கு 10 என்று கேட்பது நியாயமானது. இங்கே ஒரு முட்டுக்கட்டை வரும். முன்பணத்துக்கு ஈடாகச் சுரங்கம் வங்கி உத்தரவாதம் கேட்கும்; வங்கியோ அந்த உத்தரவாதத்துக்கு முழுத் தொகையையும் வைப்பாகக் கேட்கும். வந்த பணம் அப்படியே பூட்டப்பட்டுவிடும்.

இதைத் தவிர்க்கச் சிறந்த வழி, பணமாகக் கேட்காமல் பொருளாகக் கேட்பது. ஆலையை ஏற்றி இறக்கும் கிரேனும் லாரியும், மின் இணைப்பு, தண்ணீர், மாதிரிப் பகுப்பாய்வு ஆகியவற்றைச் சுரங்கமே நேரடியாக ஏற்கட்டும். 900 மாதிரிகள், மாதிரிக்கு 650 ராண்ட் என்றால் பகுப்பாய்வு மட்டுமே 5.85 லட்சம். சுரங்கத்தின் சொந்த ஆய்வகத்தில் செய்யும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: ஒவ்வொரு மாதிரியின் மறுபாதியும் உங்களிடம் இருக்க வேண்டும், பத்தில் ஒன்று வெளி ஆய்வகத்துக்குப் போக வேண்டும். பின்னால் முதலீட்டாளர் முதலில் கேட்பது அந்த ஒப்பீட்டுத் தாளைத்தான்.

இன்வாய்ஸ் அனுப்பிய பிறகும் காத்திருப்பு உண்டு. மாதக் கணக்குச் சீட்டு தேதியிலிருந்து 30 நாள் என்று எழுதியிருந்தாலும், 60 நாள் என்றே வரவுத் திட்டத்தில் போடுங்கள். இடைக்காலத்துக்கு இன்வாய்ஸை அடகு வைத்து 70 முதல் 80 சதவீதம் பெறலாம். 13 லட்சத்தில் 75 சதவீதம் என்றால் 9.75 லட்சம். மாதம் இரண்டரை சதவீதக் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 49 ஆயிரம் ராண்ட் போகும். 2025 நவம்பரில் மத்திய வங்கியின் ரெப்போ விகிதம் 6.75 சதவீதமாகக் குறைந்து, வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டியான பிரைம் 10.25 ஆனது. அதோடு ஒப்பிட்டால் இது மிக விலையுயர்ந்த பணம். ஒரு முறை பாலம் கடக்க மட்டுமே ஏற்றது. கடன் கேட்கும் முன் ஆர்டரின் பின்பக்க நிபந்தனைகளைப் படியுங்கள். வரவுரிமையை மூன்றாம் நபருக்கு மாற்றக்கூடாது என்ற வரி இருந்தால், சுரங்கத்தின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் எந்த நிதி நிறுவனமும் அந்த இன்வாய்ஸைத் தொடாது.

வாட் விஷயத்தில் பலர் இடறுகிறார்கள். நிறுவனம் வாட் கணக்கை இன்வாய்ஸ் அடிப்படையில்தான் வைக்க வேண்டும். மார்ச்சில் முடியும் வரிக்காலத்தில் இன்வாய்ஸ் போட்டால், இணையவழி செலுத்துவோர் ஏப்ரல் கடைசி வேலைநாளுக்குள் 1.7 லட்சத்தைக் கட்ட வேண்டும். வாடிக்கையாளர் மே கடைசியில் கொடுத்தாலும் சரி. ஊழியரின் சம்பளத்தில் பிடித்த வருமான வரியோ அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் போக வேண்டும். நெருக்கடியில் முதலில் கை வைக்கத் தோன்றும் பணம் இதுதான். கை வைக்கவே கூடாத பணமும் இதுதான். வரி நிர்வாகச் சட்டத்தின் 180-ஆம் பிரிவு, நிதியைக் கட்டுப்படுத்தியவரின் அலட்சியத்தாலோ மோசடியாலோ வரி கட்டப்படாமல் போனால், அவரையே தனிப்பட்ட முறையில் பொறுப்பாளியாக்க வழி செய்கிறது.

அரசுப் பணம்: வரும், ஆனால் தாமதமாக, நிபந்தனைகளோடு

1940-இல் தொடங்கிய தொழில் வளர்ச்சிக் கழகமான ஐடிசி, வாங்குபவர் உறுதியான திட்டத்துக்குக் கடனும் பங்கும் தரும் இடம். முன்னோடி ஆலையைத் தாண்டியவர்களுக்கே அது பொருந்தும். சிறு நிறுவனங்களுக்கான சேஃபாவும் சேடாவும் 2024 அக்டோபரில் கூட்டுறவு வங்கி முகமையோடு இணைக்கப்பட்டு ஒரே அமைப்பாயின. தொழில்நுட்பப் புத்தாக்க முகமையான டியா, ஆய்வகத்துக்கும் சந்தைக்கும் இடைப்பட்ட கட்டத்துக்கென்றே அமைந்தது. இவற்றில் எதையும் அடுத்த ஆறு மாத வரவில் சேர்க்க வேண்டாம். விண்ணப்பியுங்கள், வந்தால் அடுத்த கட்டத்துக்கு.

டியா போன்ற அரசு முகமையின் ஆராய்ச்சிப் பணத்தைத் தொட்டால், அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் அறிவுச்சொத்து பற்றிய 2008-ஆம் ஆண்டின் 51-ஆம் சட்டம் அந்தக் கண்டுபிடிப்பின் மேல் வந்து உட்காரும். வெளிநாட்டவருக்கு அதை விற்கவோ தனியுரிமம் தரவோ அரசின் அறிவுச்சொத்து மேலாண்மை அலுவலகமான நிப்மோவின் ஒப்புதல் தேவைப்படும். வெளிநாட்டுக் கருவித் தயாரிப்பாளருக்கு விற்பதே கடைசி இலக்கு என்றால், எந்தக் கண்டுபிடிப்பு எந்தப் பணத்தில் நடந்தது என்பதை முதல் நாளிலிருந்தே தனித்தனி நோட்டில் எழுதி வையுங்கள். ராண்ட்பர்க்கில் உள்ள மின்டெக், 1934 முதல் இயங்கும் அரசு நிறுவனம். நாட்டின் சிறந்த முன்னோடி ஆலை வசதிகள் சில அங்கே உள்ளன. அங்கே வேலை கொடுக்கும்போது முழுச் செலவையும் நீங்களே ஏற்றால் அந்தச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கு உண்டு. மலிவாகப் பேரம் பேசித் தள்ளுபடி வாங்கியவர்கள் அந்த விலக்கை இழக்கும் அபாயம் இருக்கிறது.

வருமான வரிச் சட்டத்தின் 11டி பிரிவு ஆராய்ச்சிச் செலவில் 150 சதவீதத்தைக் கழிக்க அனுமதிக்கிறது. 2033 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. 27 சதவீத வரியில், கூடுதலான அந்த 50 சதவீதத்தால் ஒரு ராண்ட் செலவுக்கு 13.5 சென்ட் மிச்சம். ஆனால் நஷ்டத்தில் உள்ள நிறுவனத்துக்குப் பணமாகத் திரும்பி வராது. நஷ்டக் கணக்கில் சேர்ந்து அடுத்த ஆண்டுகளுக்குப் போகும். "வரிச் சலுகை இருக்கிறது" என்று நிதித் திட்டத்தில் வரவாக எழுதியிருந்தால் அந்தப் பதிவை அடித்துவிடுங்கள்.

பங்கு: குடும்பம், உள்ளூர், வெளிநாடு

மாமா, சித்தப்பா, கோயில் வட்டத்து நண்பர்கள் என்று சிறு சிறு தொகையாகச் சேர்ப்பது நம் வழக்கம். தனியார் நிறுவனம் பொதுமக்களுக்குப் பங்கு வழங்க முன்வரக் கூடாது. நிறுவனச் சட்டத்தின் 96-ஆம் பிரிவு சில விலக்குகளைத் தருகிறது. தனி ஒருவர் குறைந்தது 10 லட்சம் ராண்டுக்கு வாங்குவது அவற்றில் ஒன்று. வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் அழைப்பு அனுப்புவது இந்த விலக்குகளில் எதற்குள்ளும் அடங்கும் என்று நம்பிவிடாதீர்கள். உறவினர் பணம் கடனாக வந்தால் எழுத்தில் இருக்கட்டும்: வட்டி, எப்போது எந்த விலையில் பங்காக மாறும், பிற கடன்காரர்களுக்குப் பின்னால் நிற்கச் சம்மதமா. கடன்கள் சொத்தைத் தாண்டும் நிலையில் அந்தப் பின்னுரிமைக் கையெழுத்தைத்தான் தணிக்கையாளர் முதலில் கேட்பார்.

கறுப்பினப் பொருளாதார வலுவூட்டல் சட்டம் இந்தியர்களையும் தன் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. குடியுரிமை பிறப்பாலோ வம்சாவளியாலோ இருக்க வேண்டும், அல்லது 1994 ஏப்ரல் 27-க்கு முன் பெற்றிருக்க வேண்டும். அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இதில் அடங்கமாட்டார்கள். ஆண்டு விற்பனை ஒரு கோடி ராண்டுக்குள் உள்ள நிறுவனத்தில் 51 சதவீதம் தகுதியுடையோர் கையில் இருந்தால் அந்தச் சட்டத்தின் தரவரிசையில் இரண்டாம் நிலை, 100 சதவீதம் என்றால் மிக உயர்ந்த முதல் நிலை. அதற்குப் பிரமாணப் பத்திரம் ஒன்றே போதும். இந்த நிலைக்குச் சுரங்கத்தின் வாங்கல் துறையில் நேரடி மதிப்பு உண்டு. பெரிய நிறுவனங்கள் நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சப்ளையர் மேம்பாட்டுக்குச் செலவிட்டால்தான் முழு மதிப்பெண் பெறும். அந்தப் பையிலிருந்து சோதனைச் செலவுக்கு உதவி கேட்க முடியும். இந்த வழியைத் தமிழ் நிறுவனங்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது எங்கள் எண்ணம். அவசரத்தில் வெளி முதலீட்டாளருக்கு 50 சதவீதம் கொடுத்து 51-க்குக் கீழே இறங்கினால், நிலை இரண்டிலிருந்து நான்குக்குச் சரியும். வந்த முதலீட்டோடு இழந்த ஆர்டர்களையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

வெளிநாட்டுப் பணம் வந்தால், அங்கீகரிக்கப்பட்ட வங்கி மூலம் பங்குச் சான்றிதழில் வெளிநாட்டவர் முத்திரை குத்த வேண்டும். கடன் என்றால் முன்கூட்டியே வங்கியின் ஒப்புதல். இது தவறினால் பிறகு அசலையும் வட்டியையும் வெளியே அனுப்ப முடியாது. முதலீட்டாளரின் வழக்கறிஞர் இதைக் கண்டுபிடிக்கும் நாளில் பேச்சு நின்றுபோகும். காப்புரிமைக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதத்தில் சர்வதேச விண்ணப்பம், சுமார் 30 மாதத்தில் நாடுதோறும் தனித்தனிச் செலவு. அந்த 30-ஆவது மாதம் முன்னோடிச் சோதனையோடு மோதினால் இரண்டில் ஒன்று சாகும். தென்னாப்பிரிக்கக் காப்புரிமை, உள்ளடக்க ஆய்வு இல்லாமலே வழங்கப்பட்டு வந்த ஒன்று. எனவே முதலீட்டாளர் பார்ப்பது சர்வதேசத் தேடல் அறிக்கையை.

விலைச் சூழலும் ஆறு மாதக் கோடும்

2023-இல் ரோடியம், பல்லாடியம் விலை சரிந்தபோது பிளாட்டினச் சுரங்கங்கள் செலவுகளை வெட்டின. 2025-இல் தங்கம் அவுன்சுக்கு 4,000 டாலரைத் தாண்டியது, பிளாட்டினமும் வேகமாக ஏறியது. ஏறும் விலை இருபுறமும் வெட்டும்: சுரங்கத்திடம் பணம் இருக்கும், ஆனால் ஓடும் ஆலையை நிறுத்திச் சோதிக்க மனம் இருக்காது. பக்கவாட்டில் குழம்பைப் பிரித்து ஓட்டும் சோதனைக்கு இந்தக் காலம் ஏற்றது; உற்பத்தியைத் தொடாமல் செய்யலாம் என்று சொன்னால் கதவு திறக்கும்.

நிறுவனச் சட்டம் இங்கே ஒரு கோடு போட்டிருக்கிறது. அடுத்த ஆறு மாதத்தில் வரும் கடன்களை அந்தந்த நேரத்தில் கட்ட முடியும் என்று நியாயமாக எதிர்பார்க்க முடியாவிட்டால், நிறுவனம் நிதி நெருக்கடியில் இருப்பதாகப் பொருள். அப்போது இயக்குநர்கள் நிறுவனத்தை மீட்கும் சட்ட நடவடிக்கைக்குத் தீர்மானம் போட வேண்டும், அல்லது ஏன் போடவில்லை என்று 129-ஆம் பிரிவின் 7-ஆம் உட்பிரிவின்படி கடன்காரர், பங்குதாரர், ஊழியர் அனைவருக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். மேலே பார்த்த நான்கரை மாத நிறுவனம் இந்தக் கோட்டை ஏற்கெனவே தொட்டுவிட்டது. அப்படிப்பட்ட கடிதம் போன மறுநாளே ரசாயன சப்ளையர் ரொக்கம் கேட்பார்.

ஆகவே ஒன்பது மாதப் பணம் கையில் இருக்கும்போதே பேச்சைத் தொடங்க வேண்டும். அன்று மேசையில் இருக்க வேண்டியவை: மூடிய உலோகக் கணக்கு, வெளி ஆய்வக ஒப்பீடு, வாரவாரியான பதின்மூன்று வார வரவு செலவுத் தாள், கண்டுபிடித்த ஒவ்வொருவரும் உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த பத்திரம், புதிய பங்குகளை முதலில் வாங்கும் உரிமையைப் பழைய பங்குதாரர்கள் விட்டுக்கொடுக்கும் கையெழுத்து. புதிய பங்குகளின் வாக்குரிமை, இருக்கும் வாக்குரிமையில் 30 சதவீதத்தை எட்டினாலோ தாண்டினாலோ 41-ஆம் பிரிவின்படி சிறப்புத் தீர்மானம் தேவை. பங்குதாரர்களில் யாராவது சென்னையிலோ சிட்னியிலோ இருந்தால், அந்தக் கையெழுத்துகளைச் சேகரிக்கவே மூன்று வாரம் ஒதுக்குங்கள்.